ஆடுகளுக்குச் சொல்லாத சாவு

மத்தலேன் மேய்ச்சல் மலைக்கு ஏறி வந்தபோது மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. அராலார் மலையில் பனி விழப்போகிறதென்றால் காற்றில் முதலில் ஓர் இரும்பு வாடை அடிக்கும். அது அடித்தது. சாயங்காலத்துக்குள் மந்தையை இறக்காவிட்டால் ஆடுகள் விறைத்துச் சாகும். அவள் புருஷன் எர்ராமுன் கோடையில் இங்கேதான் மயங்கி விழுந்தான். நினைவு திரும்பாமலே நகரத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த மந்தைதான்.

கொழுந்தன் பெயோ கல்திட்டைக்குக் கீழேயே நின்றுவிட்டான். அவன் காலுக்கிடையில் நாய் பதுங்கியிருந்தது.

“காலையிலருந்து கத்துறேன் அண்ணி. ஒண்ணுகூட அசைய மாட்டேங்குது.”

கற்களை நட்டு, மேலே தாழ்வாக ஒரு பாறையைப் போட்டு மூடிய ஆதிகாலத்துச் சமாதி அந்தக் கல்திட்டை. அரக்கர்கள் கட்டியது என்பார்கள். அந்தப் பாறையின் மேல்தான் எர்ராமுன் ஆடுகளுக்கு உப்பு வைப்பான். இப்போது அதைச் சுற்றி மந்தை முழுவதும் படுத்திருந்தது. ஒரு கழுத்துமணிகூட ஆடவில்லை.

பாறையின் மேல் புதிதாக உப்பு கிடந்தது.

“நீயா வெச்ச?”

“நான் அதுகிட்டயே போகல.”

அப்போது சீழ்க்கை கேட்டது. எர்ராமுன் மந்தையை நிறுத்தி வைக்கும் நீண்ட சீழ்க்கை.

அது பாறைக்கு அடியிலிருந்து வந்தது.

மத்தலேன் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். “பெயோ, அவர் செத்ததை ஆடுங்ககிட்ட சொன்னியா?” என்று கிசுகிசுத்தாள்.

அந்த ஊர் வழக்கப்படி, வீட்டுக்காரன் செத்தால் தேனீக்களிடமும் ஆடுகளிடமும் போய்ச் சொல்ல வேண்டும். தேனீக்களிடம் அவள் சொன்னாள். மலைக்கு இவனை அனுப்பினாள்.

“ஆட்டுக்குப் போயி சாவுச் சேதியான்னு... சிரிச்சுட்டு விட்டுட்டேன் அண்ணி.”

“அறிவு கெட்டவனே!”

அவள் மட்டும் ஏறிப் போனாள். ஆடுகள் அவளைப் பார்க்கவில்லை. கல்லிடுக்கின் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளிருந்து ஈரக் கம்பளி வாசனையும் அவனுடைய புகையிலை வாசனையும் வந்தன. பயத்தை மீறி, அந்த இருட்டுக்குள் புகுந்துகொள்ளலாம் போல அவளுக்கு ஆசையாக இருந்தது.

முதல் பனித்துகள் அவள் கையில் விழுந்தது.

“பிள்ளைங்களா,” என்றாள். “உங்க எசமான் செத்துட்டார். இனிமே நான்தான்.”

சீழ்க்கை பாதியில் நின்றது.

முன்னால் போகும் கிழ ஆடு எழுந்தது. மணி ஆடியது. ஒன்றன்பின் ஒன்றாக மந்தை முழுவதும் சரிவில் இறங்கியது. நிம்மதியில் மத்தலேன் அழுதேவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் இறங்கத் திரும்பினாள்.

பாறைக்கு அடியிலிருந்து, மிக மெதுவாக, எர்ராமுன் கேட்டான்:

“நான் எப்போ செத்தேன், மத்தலேன்?”