இருபத்து மூன்றாம் எண்ணின் வாரம்

1866 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை, பொஹீமிய மேட்டுநிலத்தின் யெட்லெனோவ் கிராமம்: காலரா கண்ட 23ஆம் எண் வீட்டின் கதவும் நான்கு சன்னல்களும் வெளியிலிருந்து பலகை வைத்து ஆணி அறையப்பட்டன. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள்.

ஊர்க் குறிப்பேட்டின் இந்தப் பக்கத்தை ஊராட்சித் தலைவர் ஓத்மர் ட்ரன்கா 2017இல் நகல் எடுத்தார். படித்து வருந்துவதற்காக அல்ல. அவர் மகள் பிளான்காவுக்குக் குளத்துக்கு மேலே ஒரு மனை இருந்தது. காஞ்சொறி மண்டிய பழைய அஸ்திவாரத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை. புது வீடு கட்ட அனுமதி கேட்டால் மூன்று ஆண்டு இழுத்தடிப்பார்கள். இருக்கிற வீட்டைப் பழுதுபார்க்கிறோம் என்றால் மூன்றே மாதம். அங்கே ஒரு வீடு இருந்தது, அதற்கு எண்ணும் இருந்தது என்று காட்ட ஒரு வரி போதும். இடிந்த வீட்டின் எண்ணை மறுபடி யாருக்கும் கொடுப்பதில்லை என்பது எல்லா ஊரிலும் முறை. ஓத்மருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டார்.

2019 மே மாதம் பிளான்காவும் கணவன் ராதிமும் குடியேறினார்கள். வாசலில் சிவப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தாக 23 ஏறியது. பிளான்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

புது வீட்டோடு சேர்த்து யெட்லெனோவில் நாற்பத்தோரு வீடுகள். ஒரு குளம், வயலோரம் காலராவில் செத்தவர்கள் நினைவாக ஒரு சிலுவை, நான்கு பேர் நின்றால் நிரம்பிவிடும் ஒரு சிற்றாலயம். மணியடிக்கத் தனி ஆள் கிடையாது. வீட்டுக்கு ஒரு வாரம், எண் வரிசைப்படி. நண்பகலில் ஒரு முறை, மாலை ஆறுக்கு ஒரு முறை. ஞாயிறு மாலை மணியடித்த பிறகு ஆலயச் சாவி அடுத்த வீட்டுக்குப் போகும். 22க்குப் பிறகு அது எப்போதும் 24க்குத்தான் போனது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. பீர்க்கடையில் 22ஆம் வீட்டுக் கிழவர் கோவுட்னி சாவியை ஆட்டிக் காட்டினார்.

"தலைவரே, இன்னைக்கோட என் முறை முடியுது. இத யார்கிட்ட குடுக்க? 24ஆம் வீட்டு ஹெர்மினாவுக்கா, உங்க மகளுக்கா?"

"ஏன், எம் மக வீட்டுல கை இல்லையா? வரிசைன்னா வரிசைதான். குடுங்க."

"வயித்தத் தூக்கிட்டு நடக்கவே திணறுது அந்தப் பொண்ணு. கயித்த இழுத்தா பிள்ளை ஆலயத்துலயே பொறந்துரும்."

"அப்ப ஞானஸ்நானத்தையும் அங்கயே முடிச்சிரலாம்," என்றார் ஓத்மர். கடையே சிரித்தது.

அன்று மூன்று மணிக்குப் பிளான்காவுக்கு நாள் நிறையாமலே வலி கண்டது. ராதிம் காரில் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். வீடு பூட்டிக் கிடந்தது.

திங்கள் நண்பகலில் மணி அடித்தது. கோவுட்னியே சேர்த்து அடிக்கிறார் போலும் என்று ஓத்மர் நினைத்துக்கொண்டார். புதன் காலையில் பேத்தி பிறந்தாள். மாலையில் ஒரு புட்டியோடு கிழவரைப் பார்க்கப் போனார்.

"மூணு நாளா எங்களுக்காக மணியடிச்சீங்க. இந்தாங்க, பிளம் சாராயம். நானே காய்ச்சினது."

கோவுட்னி புட்டியை வாங்கவில்லை.

"நானா? சாவிய ஞாயித்துக்கெழமையே குடுத்துட்டேனே."

"யாருக்கு?"

"உங்க மகளுக்கு. கதவு கொஞ்சம்தான் தெறந்துச்சு. உள்ள இருட்டு. மூஞ்சி தெரியல, கைய மட்டும் நீட்டுனா." கிழவர் தன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "துணி தொவைச்சிட்டு வந்தவ மாதிரி ஈரக் கை. தோலு சுருங்கி, நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. மாசமா இருக்கறவளுக்கு இப்படியெல்லாம் ஆகும்போலன்னு நெனச்சேன்."

"அவ மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா."

கிழவர் ஆலயப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க எண்ணலையா, தலைவரே? நண்பகல் மணி முடிஞ்சதும் சாவு மணி அடிக்குது. திங்கக்கெழமை நடுவுல மூணு தடவ விட்டு விட்டு அடிச்சுது. நேத்து ரெண்டு தடவ. இன்னைக்கு ஒண்ணு."

சாவு மணியின் நடுவே விடும் இடைவெளி ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு இரண்டு, குழந்தைக்கு ஒன்று. அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஊரில் அந்த வாரம் யாரும் சாகவில்லை.

வியாழன் பதினொன்றரைக்கே ஓத்மர் ஆலயத்தின் கம்பிக் கதவருகே போய் நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது. குளத்து வாத்துகள் நிழலில் ஒதுங்கிக் கிடந்தன. கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஒரு மேசை, மெழுகுத் தண்டுகள், தொங்கும் கயிறு.

பன்னிரண்டுக்குக் கயிறு இறுகியது.

யாரோ எக்கிப் பிடித்து இழுப்பதுபோல் இறங்கியது, ஏறியது, இறங்கியது.

நீற்றிய சுண்ணாம்பின் நெடி கம்பிகளுக்கிடையே வந்து மூக்கில் ஏறியது. தரைக் கற்களில் வெறுங்கால் தடங்கள் ஈரமாக ஒவ்வொன்றாகப் பதிந்தன. பெரியவை இரண்டு சோடி. சிறியவை மூன்று.

மணி ஓய்ந்தது. பின் சாவு மணி தொடங்கி ஒரு முறை விட்டு, மறுபடி அடித்து நின்றது.

அன்று மாலை குறிப்பேட்டை எடுத்து அந்த ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஆணி அறைந்தபோது மணி முறை 23க்குரியது. சாவியும் உள்ளேயே இருந்தது. ஆகவே அவர்களுக்காக மணியடிக்க யாராலும் முடியவில்லை. ஐந்து பேர். தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள்.

"அவங்க சாவு மணிய அவங்களே அடிச்சுக்கறாங்க," என்றார் கோவுட்னியிடம். "நாளைக்கு அஞ்சாவது. அதோட முடிஞ்சுது."

"நெசமாவா சொல்றீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க?"

வெள்ளி நண்பகலில் ஒரு குழந்தைக்கான மணி அடித்தது. ஐந்து நிறைந்தது. ஓத்மர் ராதிமுக்குப் போன் செய்து, நாளைக்குக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நண்பகலில் அவர் குளத்தோரம் வந்துகொண்டிருந்தபோது மணி ஓய்ந்தது.

பிறகு சாவு மணி அடித்தது.

ஒரு முறை விட்டது. மறுபடி அடித்து நின்றது.

ஆறாவது. ஒரு குழந்தை.

அறுபத்தொரு வயது மனிதர் மேட்டில் மகள் வீட்டுக்கு ஓடினார். ராதிம் கைகளால் கதவைக் குத்திக்கொண்டிருந்தான். கார்க் கதவு திறந்தபடி கிடந்தது.

"மாமா, கார்லேர்ந்து பையை எடுக்க வெளிய வந்தேன், கதவு சாத்திக்கிச்சு! சாவி திரும்புது, கதவு தெறக்க மாட்டேங்குது! பிளான்காவும் பாப்பாவும் உள்ள!"

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. முதலில் கதவில். பிறகு முன்சன்னலில், பக்கத்துச் சன்னலில். சிறிது நேரத்தில் நான்கு சன்னல்களிலும் ஒரே சமயத்தில். கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. கதவின் அடிப்பாகத்தில், முழங்கால் உயரத்தில், சின்னக் கைகள் தட்டின.

ராதிம் குத்துவதை நிறுத்தினான். "அவ ஒருத்திதான மாமா உள்ள இருக்கா?"

அக்கம்பக்கத்தார் வந்து அரைவட்டமாக நின்றார்கள். யாரும் படியேறவில்லை. 24ஆம் வீட்டு ஹெர்மினா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"தெறக்காதீங்க, தலைவரே. உள்ள இருக்கறது வெளிய வந்துச்சுன்னா? ஊர்ல பிள்ளைகுட்டிங்க இருக்கு."

"உள்ள இருக்கறது எம் பொண்ணு, ஹெர்மினா!"

"எனக்கும்தான் பேரப்பிள்ளைங்க இருக்கு," என்றாள் அவள். அழுதுகொண்டே சொன்னாள்.

கோவுட்னியின் கையில் கடப்பாரை இருந்தது. கொண்டுவந்தவர், கொடுக்காமல் நின்றார்.

"லாடிஸ்லாவ்," என்றார் ஓத்மர். கோவுட்னியை அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கும்புட்டுக் கேக்கறேன்."

கிழவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தானே படியேறிக் கதவிடுக்கில் கடப்பாரையைச் செருகினார். மூவரும் சேர்ந்து நெம்பினார்கள். புதுச் சட்டம் பிளந்தது.

சுண்ணாம்பு நெடி முகத்தில் அறைந்தது.

பிளான்கா நடைக்குள் நின்றிருந்தாள். கைகள் வெறுமையாக இருந்தன.

"அப்பா," என்றாள் மெல்ல. "வழி விடுங்க."

மூவரும் ஒதுங்கினார்கள். எதிரே அரைவட்டமாக நின்றவர்களும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பின்வாங்கினார்கள். குளிர்ந்த ஏதோ ஒன்று அவர்களைக் கடந்து போனது. காய்ந்த சிமெண்டுப் படிகளில் ஈரத் தடங்கள் இறங்கின. தகப்பனுடையவை, பின்னால் மூன்று பிள்ளைகளுடையவை.

பெண்ணின் தடம் வரவில்லை.

பிளான்கா திரும்பிச் சுவரோரம் கை நீட்டினாள். இருட்டில், ஓர் ஆளின் மார்பு உயரத்தில், குழந்தை அழுதது. அவள் அதை வாங்கி அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஐந்தாவது தடம் படியிறங்கியது.

"கதவு தெறக்கற வரைக்கும் குடுக்க மாட்டேன்னுட்டா," என்றாள் பிளான்கா. "தெறந்ததும் குடுத்துட்டா."

குழந்தைக்கு ஒன்றுமில்லை. வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல் உள்ளங்கைகள் மட்டும் சுருங்கியிருந்தன. இரண்டு நாளில் சரியாயிற்று.

அன்று மாலைதான் ஓத்மர் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தைப் படித்தார். 1866 செப்டம்பர் 2: 23 திறக்கப்பட்டது. ஆறு உடல்கள் சுண்ணாம்புக் குழியில் இடப்பட்டன. ஆறாவது ஒரு பச்சைக் குழந்தை; பெயர் இல்லை.

பிளான்காவும் ராதிமும் நகரத்தில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். ஓத்மர் அக்டோபரில் பதவி விலகினார். கட்டடம் நிற்கும்வரை எண்ணை நீக்க முடியாது என்று அனுமதி அலுவலகம் எழுதியது. வீட்டை வாங்க யாரும் வரவில்லை. 22க்கும் 24க்கும் இடையே ஒரு வாரம் விடுவது என்று ஊராட்சி மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது.

2020 மே 31, ஞாயிறு மாலை, கோவுட்னி சாவியை 23இன் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தார். ஜூன் 7 மாலை ஹெர்மினா அதே கொக்கியிலிருந்து அதை எடுத்துக்கொண்டாள். இடைப்பட்ட நாட்களில் மணி பதினான்கு முறை, நேரம் தவறாமல், அடித்தது.