பன்னுவுக்குத் திறக்காத கதவு

கதவைப் பிராண்டும் சத்தம் வீட்டுக்குள் இருந்து வந்தது. பூனை பன்னு வெளியே போய் அன்றோடு பத்து நாள் ஆகியிருந்தது.

ஈஸ்வரமூர்த்தி தட்டில் கையை வைத்தபடியே கேட்டார். பட்டறைகள் நிறைந்த கணபதிப் பகுதியில் மாலை ஆறரை மணிக்கு எந்த வீட்டிலும் அமைதி என்று ஒன்று கிடையாது. கீழே அவருடைய லேத் பட்டறை பூட்டிக் கிடந்தாலும், பக்கத்துப் பட்டறையில் இரும்பு கடைகிற கீச்சொலியும், சந்தில் திரும்புகிற வண்டிகளின் ஹாரனும், தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவதும் சேர்ந்து மாடி ஏறி வந்துகொண்டேதான் இருக்கும். அத்தனைக்கு நடுவிலும் இந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. மரக்கதவில், மெதுவாக, மூன்று தடவை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. வெளியே விடச் சொல்லி பன்னு கேட்கிற முறை அதுதான். ஏழு வருஷம் கேட்டது. ஏழு வருஷமும் அவர் மனைவி புவனா விடவில்லை.

பிள்ளை இல்லாத அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் இருந்த ஒரே சண்டை அந்தப் பூனைதான். பன்னுவுக்கு முன்னால் இரண்டு வளர்த்தார்கள். ஒன்றைத் தெருநாய்கள் குதறின. இன்னொன்று ஏதோ குடோனில் எலிக்கு வைத்த மருந்தைத் தின்றுவிட்டு வந்து புவனாவின் மடியிலேயே செத்தது. அதற்குப் பிறகு பால்கனிக்குக் கம்பிவலை, ஜன்னலுக்குக் கம்பிவலை, வாசலில் மரக்கதவுக்கு வெளியே ஒரு வலைக்கதவு. ஜெயிலில்கூட இத்தனை கம்பி இருக்காது என்று அவர் கிண்டல் செய்வார். மாட்டைக் கட்டலாம், ஆட்டைக் கட்டலாம், பூனையைக் கட்டிவைத்த ஊர் எங்கேயாவது உண்டா என்று கேட்பார்.

"நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க. அவன வெளிய மட்டும் உட்றாதீங்க," என்பாள் அவள்.

விட்டுவிட்டார். மழை நின்ற ஒரு சாயங்காலம், பன்னு கதவடியில் உட்கார்ந்து கத்துவது பொறுக்காமல், அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து இரண்டு கதவையும் திறந்துவிட்டார். அரை மணி நேரம் சுற்றிவிட்டு வரட்டும் என்றுதான் நினைத்தார். புவனா ஈரத் தலையோடு படியிறங்கி ஓடினாள். பன்னு, பன்னு என்று கூப்பிட்டுக்கொண்டே சத்தி ரோட்டைக் கடந்தவளை மண் லாரி அடித்தது. பூனை எப்படியோ நழுவிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். கூடப் பிறந்த அக்காவிடமும் அப்படித்தான் சொன்னார்.

எழவு வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் 'வாங்க' என்று சொல்வதில்லை. போகிறவர்களும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லமாட்டார்கள். பேசாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கருமாதி முடிகிற வரைக்கும் அந்த வாசலில் 'வா' என்ற சொல்லே ஆகாது. கேட்கிற காது எதுவென்று யாருக்குத் தெரியும். இதெல்லாம் ஈஸ்வரமூர்த்திக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனாலும் மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து, சனமெல்லாம் கலைந்த பிறகு, வாசற்படியில் நின்றுகொண்டு இருட்டுகிற சந்தைப் பார்த்துக் கூப்பிட்டார். பூனையைத் தேடிக் கொண்டுவந்து உள்ளே சேர்த்துவிட்டால், செய்த பாவத்தில் ஒரு துளியாவது குறையும் என்று இருந்தது. அவள் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்.

"வா சாமி. உள்ள வா. நம்மூட்டுக்கு வந்துரு கண்ணு."

பூனையைக் கூப்பிடுவது கணக்கில் சேராது என்று நினைத்தார். படியில் எதுவும் ஏறி வரவில்லை. ஆனால் கணுக்காலை உரசிக்கொண்டு குளிர்ச்சியாக ஏதோ உள்ளே போனது. அவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

முதல் இரண்டு நாள் ஆறுதலாகவே இருந்தது. படுத்தால் கால்மாட்டில் ஒரு கனம் வந்து அமரும். பன்னு பயந்துபோய் பீரோவுக்குப் பின்னால் எங்கேயோ பதுங்கியிருக்கிறது என்று நம்பிக்கொண்டு, கிண்ணத்தில் சோறு பிசைந்து வைத்தார். சோறு அப்படியே காய்ந்தது. பிறகு வாசனை வந்தது. பூனை வாசனை இல்லை. சீயக்காய் போட்டு அலசிய, துவட்டாத தலைமுடியின் வாசனை. பிறகு கதவில் கோடுகள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டு போச்சு என்று நினைக்குமாம்; அவரும் நாலைந்து நாள் வெளியே போகாமல், அந்தக் கதவைப் பார்க்காமலே நடமாடினார்.

இன்றைக்குப் பார்த்தார். செல்போன் வெளிச்சத்தைக் கதவில் அடித்தார். முதல் கோடுகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தன. அதற்கு மேல் முழங்கால் உயரத்தில். அதற்கும் மேல் இடுப்புக்கு. புதிய கோடுகள், மரத்தூள் இன்னும் உதிராமல், தாழ்ப்பாளைச் சுற்றி இருந்தன. பூனை நகம் நாலு கோடு போடும். இதில் நாலு கோடும், கொஞ்சம் தள்ளி, கட்டைவிரலுக்கு ஒன்றும் இருந்தது.

அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை. வெட்கமில்லாமல் சந்தோஷம் வந்தது. புவனா வீட்டில்தான் இருக்கிறாள். அப்புறம்தான் பயம்.

அவிநாசிக்குப் போன் போட்டார். அக்கா சென்னியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்; கதவைத் திறந்துவிட்டது தான்தான் என்பதையும், வாசலில் நின்று கூப்பிட்டதையும்.

"கதவத் தொறந்து உடு மூர்த்தி. போகோணும்னுதான் அவ கேக்கறா."

"தொறந்தா போயிருவாளேக்கா."

"போகட்டும் சாமி. புடிச்சு அடைச்சு வெக்கறதுக்கு அவ என்ன பூனையா?"

அக்கா காலையில் முதல் பஸ்ஸில் கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவர் போய் ஒரு பூட்டை எடுத்துவந்து தாழ்ப்பாளில் மாட்டிப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஏதோ விம்மியது போல இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்த சந்தில் தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கிற ரிஃபானா. பத்து நாளாக பன்னுவைத் தேடி அலைந்தவள்.

"அண்ணா, பன்னு கெடைச்சிருச்சுங்ணா. பஞ்சு குடோன்ல இருந்தான். கதவத் தொறங்ணா."

வெளியே, காய்கறிக் கூடைக்குள்ளிருந்து, ஏழு வருஷம் கேட்ட அதே குரல் கத்தியது. இதற்காகத்தான் புவனா ஓடினாள். இது உள்ளே வர வேண்டும் என்றுதான் செத்தாள். ஒரு கதவு, ஒரு சாவி. திறந்தால் பன்னு உள்ளே வரும். திறந்தால் அவள் வெளியே போய்விடுவாள்.

"அங்கயே உட்டுட்டுப் போம்மா," என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை. "நா எடுத்துக்கறேன்."

துக்கத்தில் இருக்கிற மனுஷனை என்ன சொல்வது என்று ரிஃபானா நினைத்திருப்பாள். கூடையைத் திறந்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள். வலைக்கதவு பன்னுவை விட்ட அன்றைக்குத் திறந்தது, திறந்தபடியே கிடந்தது. பன்னு நேராக மரக்கதவுக்கு வந்துவிட்டது.

வெளியே மூன்று தடவை.

உள்ளே மூன்று தடவை.

ஒரே பலகை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவர் ஓடிப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் பூனை நகங்களின் அதிர்வு தெரிந்தது. மன்னிச்சுரு சாமி, மன்னிச்சுரு, என்று அதனிடம் சொன்னார். அது அவர் குரலைக் கேட்டு இன்னும் வேகமாகப் பிராண்டியது.

சந்தில் நாய்கள் குரைத்தன. கூட்டமாக. படிக்கட்டில் நகங்களின் சத்தம்.

இப்போதாவது திறந்திருக்கலாம். சாவி நெஞ்சுக்கு நேராகப் பையில்தான் இருந்தது.

ஒரு கத்தல். அப்புறம் இல்லை.

வெளியே எல்லாம் நின்றுவிட்டது. அவர் அழுதார். சத்தமாக, வாயைத் திறந்து, குழந்தை மாதிரி அழுதார்.

சீயக்காய் வாசனை கிட்டே வந்தது. நெற்றியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. இன்னொன்று. தலையைத் தூக்காமல் தரையைப் பார்த்தார். ஈரக் கால்விரல்கள். மெட்டி. இடது பாதம் மட்டும் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

அவள் குனிந்தாள். கை கதவுக்குத்தான் வந்தது. ஆனால் கதவுக்கு முன்னால் அவர் இருந்தார்.

சட்டையின் முதல் பித்தான் தெறித்து ஓடியது.

"இரு புவனா," என்றார். "இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போ."

துணி கிழிந்தது. பிறகு துணி இல்லை. சூடாக ஏதோ வயிற்றில் இறங்கி வேட்டியை நனைத்தது. கோபம் இல்லாமல், அவசரம் இல்லாமல், மூடிய ஒன்றைத் திறக்கிற பொறுமையோடு அவள் பிராண்டிக்கொண்டே இருந்தாள். அவர் விலகவில்லை. இரண்டு கையையும் நிலைச்சட்டத்தில் ஊன்றி, முதுகைக் கதவோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.