பின்சக்கரத்துச் சாக்பீஸ் கோடு

"ரெண்டு நாளா வாயே திறக்க மாட்டேங்கிறாருங்க. வேகமா வந்ததுதான் விபத்துக்குக் காரணம்னு போலீஸ்ல எழுதி வச்சிருக்காங்க. இவரும் கையெழுத்துப் போட்டுடறேங்கிறாரு. போட்டா லைசென்ஸ் போயிடும். வண்டி ஓட்டுறதை விட்டா இவருக்கு வேற என்னங்க தெரியும்?"

லாரி ஓட்டுநரின் மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். விபத்து வண்டிகளைப் பார்த்துக் காரணம் சொல்வது அக்காவின் தொழில். குறிப்பெடுப்பது தங்கையின் வேலை; எடுப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவது அவள் வழக்கம்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு நாளைக்கு முன், காலையில் சாலையோரச் சோதனையில் அந்த லாரியின் நான்கு பிரேக்குகளும் சரி என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மதியம் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கிடங்குச் சுவரில் மோதி நின்றது. ஓட்டுநருக்கு வலது கை முறிவு.

"உங்க வீட்டுக்காரர் எதையோ மறைக்கிறார்," என்றாள் தங்கை. அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

லாரியை இழுத்து வந்து நிறுத்தியிருந்த முற்றத்தில், சிமென்ட் தரையில் பின்சக்கரங்கள் தேய்த்த இரண்டு கறுப்புத் தடங்கள் வாசலிலிருந்தே தொடர்ந்தன. மோதியதில் பிரேக்கின் காற்றுக் குழாய் அறுந்து தொங்கியது. ஓட்டுநர் முறிந்த கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு மனைவியோடு ஓரமாக நின்றார். பிரேக்கைச் சோதித்த அந்த ஆய்வாளரும் வந்திருந்தார்.

"பெடலை மிதிக்கிறதுக்கு முன்னாடி, பிரேக்கைத் தள்ளுற ராடு காத்து டப்பாவிலேர்ந்து வெளியே வர்ற வாய்லயே, ராடு மேல சாக்பீஸால கோடு போடுவோம். அப்புறம் பெடலை மிதிச்சா கோடு எவ்வளவு தள்ளி வருதுன்னு அளப்போம். அதிகமா வந்தா பிரேக் லூஸ். நாலுலயும் கோடு இருக்கு, பாருங்க." நின்றபடியே பேனாவால் சுட்டினார்.

அக்கா வண்டிக்கு அடியில் நுழைந்தாள். நான்கு ராடிலும் வெள்ளைக் கோடு, நான்கும் வாயை ஒட்டியே. பின்ராடுகளில் டேப்பை வைத்து, "நீயே படி," என்றாள். தங்கை படித்தாள். ராடுகள் வெளியே நீண்டிருந்த அளவு மிக அதிகம்.

"மோதினதுல லூஸாகியிருக்கும்," என்றார் ஆய்வாளர்.

அக்கா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வண்டியை ஏன் சார் உருட்டிட்டு வராம இழுத்துட்டு வந்தாங்க?"

"பின்சக்கரம் சுத்தலை. காத்து போயிட்டா உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தானா பின்பிரேக்கைப் பிடிச்சுக்குமே."

"பிடிச்சா ராடு?"

"வெளியே வந்து நிக்..." அவர் பாதியில் நிறுத்தினார்.

"அன்னைக்குக் காலையில போட்ட கோடும் ராடோட சேர்ந்து வெளியே வந்திருக்கணும்," என்றாள் அக்கா. "முன்சக்கரத்துல அந்த ஸ்பிரிங் கிடையாது, அங்கே கோடு வாய்ல இருக்கிறது சரி. பின்னாடியும் வாய்லயே இருக்குன்னா, ராடு வெளியே வந்த பிறகு போட்ட கோடு. அதாவது மோதிக் காத்து போன பிறகு. இத்தனை வருஷம் வாய்லயே போட்டுப் பழகின கை சார். அவசரத்துலயும் அங்கேயேதான் போச்சு."

தங்கையின் பேனா நின்றுவிட்டது.

"வந்ததுலேர்ந்து நீங்க ஒரு தடவைகூடக் குனியலை," அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்குக் காலையில குனிய முடியாத இடத்துக்கு, மோதின பிறகு கோடு போடத் தவழ்ந்து போயிருக்கீங்க."

அவர் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வருஷமா மடக்க முடியலைம்மா. சொன்னா மேசையில உட்கார வச்சுடுவாங்க. ரோட்டுல நின்னாத்தான் நான் ஆளு."

கண்டுபிடித்தால் வருமே ஒரு நிறைவு, அது அக்காவுக்கு வரவில்லை. பயம் ஒரு மனிதனை எங்கெல்லாம் தவழ வைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இது தெரியுமா?"

ஓட்டுநர் இரண்டு நாளில் முதல்முறையாக வாய் திறந்தார். "முன்சக்கரத்துக்கிட்டேயிருந்து எழுந்திருக்க முடியாம தவிச்சாரு. நான்தான் கை கொடுத்தேன். 'பின்னாடி நல்லாத்தான் இருக்கு சார், விடுங்க'ன்னு சொன்னதும் நான்தான். நான் தூக்கிவிட்ட ஆளையே நான் எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?"

"தூக்கிவிட்ட கைதான் இப்போ தொட்டில்ல தூங்குது. பெரிய வள்ளல்!" என்றாள் அவள். ஆனால் தொட்டில் நழுவியிருந்ததைத் தோளில் சரியாக இழுத்துவிட்டாள்.

ஆய்வாளர் அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு கையை நீட்டினார். "அன்னைக்கு நான் எழுதின ரிப்போர்ட்டைக் கொடுங்க. நானே திருத்தி எழுதறேன். முட்டியையும் சேர்த்து."

திரும்பும் வழியில் தங்கை குதித்துக்கொண்டே வந்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல, அவர் எதையோ மறைக்கிறார்னு!"

"சொன்னே." அக்கா டேப்பைப் பைக்குள் போட்டாள். "டேப்பை ஏன் உன்னைப் படிக்கச் சொன்னேன்னு கேக்கவே இல்லையே நீ."

"ஏன்?"

"ஆறு மாசமா சின்ன எழுத்து தெரியலைடி. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."