முனீஸ்வரன் மேடைப் புகை

செவ்வாய்க்கிழமையில் இங்கே யாரும் முனீஸ்வரனுக்குச் சாம்பிராணி போடுவதில்லை. அது வெள்ளிக்கிழமை வேலை. ஆனால் கிள்ளான் துறைமுகத்து நிலக்கரிக் கிடங்கில், கரிக்குவியலின் அடியில் தொழிலாளிகள் கட்டிய சின்ன மேடைக்குப் பின்னாலிருந்து, விடாத தூறலிலும் மெல்லிய வெள்ளைப் புகை ஏறிக்கொண்டிருப்பதைக் கௌசல்யா சோதனைக்கூட ஜன்னல் வழியே பார்த்தாள். நேற்றும் பார்த்தாள். எல்லாரும்தான் பார்த்தார்கள். சப்பாத்தைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவளும் கும்பிட்டாள்.

போன வாரம் கப்பலில் வந்த கரியில் பொன்னாக மினுங்கும் துகள்கள் கிடந்தன. பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஈரமும் காற்றும் பட்டால் சூடாகும், உப்பிப் பெருத்துக் கரியைப் பிளக்கும்; பிளந்த இடமெல்லாம் காற்றுப் புகுந்து இன்னும் சூடேறும். ஆனால் மேனேஜர் சபாபதி சோதனைக்கென்று தானே கொண்டுவந்து அவளிடம் கொடுத்த சாம்பிளில் மட்டும் ஒரு மினுக்கம்கூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனிதர் அவர். அந்தக் குவியலின் மேல்தான் அவளுடைய தம்பி லோகேஷ் புல்டோசர் ஓட்டுகிறான். அவள் சபாபதியிடமே கேட்டாள்.

"சார், அந்தச் சாம்பிள் எங்க எடுத்தீங்க?"

"குவியல்லதாம்மா. ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?" சபாபதி சிரித்தார்.

தினமும் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கும் அவருடைய கார் இன்று கேட்டுக்கு வெளியே நின்றது.

கௌசல்யா வாக்கிடாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தாள். மேடையருகே பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றினாள். தரை சுட்டது. சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம் கருகிச் சுருங்கியிருந்தது. வந்தது சாம்பிராணி வாசனை இல்லை. அணைந்த தீக்குச்சி வாடை, அதற்கடியில் மண்ணெண்ணெய் வாடை. அண்ணாந்து பார்த்தாள். குவியலெல்லாம் நனைந்திருக்க, உச்சியில் ஓர் இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அதன் அடியில் கரி எரிந்து பொந்தாகியிருக்க வேண்டும். புல்டோசர் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

"லோகேஷ், வண்டிய விட்டுட்டுக் கீழ வாடா."

"ஏன்க்கா? இங்க வெதுவெதுன்னு நல்லாருக்கு லா. ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரேன்."

"வேணாம். இப்பவே வா."



உச்சியில் புல்டோசரின் வெளிச்சம் ஆடியது. சாய்ந்தது. காணோம்.

எஞ்சின் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அது இறங்கியது. குவியலுக்குள். கீழே. இன்னும் கீழே. இப்போது அவள் பாதத்துக்கடியில் அதிர்ந்தது.

சிலைக்குப் பின்னால் கரி விரிந்தது. உள்ளே சிவப்பு. அந்தச் சிவப்புக்குள் புல்டோசரின் இரண்டு விளக்குகள், எரிந்தபடியே.

வாக்கிடாக்கி கரகரத்தது. தம்பியின் குரல்தான். அவசரமே இல்லை.

"அக்கா, இங்க நெறைய பேர் இருக்காங்க. சாம்பிராணி போடுறாங்க."

அவளால் திரும்பத்தான் முடிந்தது. கேட்டருகே, அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்கள் குபுகுபுவென்று ஏறும் புகையைப் பார்த்து, ஒவ்வொருவராகச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.