தோளில் இரண்டு தட்டு

கண்ணாடியில் ஈரமாக ஒரு கை பதிந்திருந்தது. பதினெட்டு வருஷம் இதே கட்டடத்தின் கண்ணாடிகளை வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைத்தவர் அவர். அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. கைக்குட்டையால் தேய்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். அப்புறம்தான் உறைத்தது, தடம் வெளிப்பக்கம் இருக்கிறது. நூற்றிரண்டாவது மாடிக்கு வெளியே.

அந்தத் தடத்தில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

பின்னால் மகளின் குரல் கேட்டது. உச்சி மாடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு இடுப்பில் பட்டை மாட்டி, கைப்பிடி இல்லாத விளிம்பில் நடத்திக் கூட்டிப்போகிற வேலை அவளுக்கு. சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இந்தக் கண்ணாடியெல்லாம் எங்கப்பா துடைத்தது என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் கைகூடத் தட்டினார். கேட்டுக்கொண்டிருந்த அப்பா கூனிக் குறுகிப்போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

கயிற்று வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இறங்கும் முன் ஒருவன் கயிற்றில் மாட்டிய கொக்கியை இன்னொருவன் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் தோளில் இரண்டு தட்டு. தட்டு விழுந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாம். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் அவர் செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்தபடி, கொக்கியைப் பார்க்காமலே தட்டினார். கூட வேலை செய்த பாதிச் சுண்டுவிரல்காரன் நம்பி இறங்கினான். விசாரணையில், நான் பார்த்தேன், அவனேதான் கழற்றியிருப்பான் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். செத்தவனா வந்து சாட்சி சொல்லப்போகிறான்? அவன் மனைவி மட்டும் வீடு தேடி வந்து, “அண்ணா, நீங்க பாத்தீங்கல்ல?” என்று கேட்டாள்.

“பாத்தேம்மா” என்றார். அந்த ஒரு சொல்லோடுதான் ஒன்பது வருஷமாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

வெளியே மேகம் வந்து மோதி, பட்டப்பகலிலேயே மாடம் சாம்பல் நிறமானது. எங்கிருந்தோ சோப்புத் தண்ணீர் வாசனை வந்தது. கூடவே, பாரம் தாங்கும் கயிறு முறுகுகிற அந்த மெல்லிய சத்தமும், ரப்பர் பட்டை கண்ணாடியில் இழுபடும் கிறீச்சும். இன்று துடைக்கும் நாள் இல்லை. முதல் தடத்துக்கு ஒரு முழம் தள்ளி இன்னொரு கை பதிந்தது. அதற்கடுத்து இன்னொன்று. ஆள் தெரியவில்லை. கைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மகள் நின்ற கதவை நோக்கிப் போயின. கதவருகே நின்றன.

அதற்குமேல் காணவில்லை.

மகள் வெளியே போகத் தயாராக, கதவைப் பார்த்தபடி நின்றாள். அவள் கொக்கியைச் சரிபார்க்கிறவர் சாப்பிடப் போயிருந்தார்.

“அப்பா, இன்னைக்கு நீங்க பாத்துத் தட்டுங்க. உங்க கை பட்டா எனக்குத் தைரியமா இருக்கும்.”

அவர் பத்தடி தள்ளி நின்றார். அங்கிருந்தே தெரிந்தது. கொக்கி பாதுகாப்புக் கம்பியில் மாட்டியிருக்கவில்லை. அவள் இடுப்பில் சும்மா தொங்கியது.

காலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. கை இரண்டும் கால்சட்டைப்பையில்.

தட். தட்.

அவள் தோள் லேசாக அதிர்ந்தது. திரும்பாமலே சிரித்தாள்.

“பாத்துட்டீங்களாப்பா?”

பார்க்கலைம்மா. அன்றைக்கும் பார்க்கலை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். இத்தனை பேர் நடுவில், கை தட்டியவர் முன்னால், சொல்லிவிட்டால் போதும். வாய் திறந்தது. பழகிய சொல்தான் வந்தது.

“பாத்தேம்மா.”

கதவு திறந்தது. காற்று அடித்தது. மகள் வெளியே காலை வைத்தாள். அவள் நீலச் சட்டையின் தோளில் ஈரமாக ஐந்து விரல், ஒன்று பாதி. தடம் இல்லை அது. விரல்களுக்கடியில் துணி அமுங்கியிருந்தது.