முந்நூற்றுப் பதினேழாம் ஆணி

சாப்பாட்டுக்கு முன்னால் தேய்த்துப் பளபளக்க வைத்த பித்தளை வில்லை, மூன்று மணிக்குப் பார்த்தபோது வியர்த்திருந்தது. எலூனெட் விரலால் துடைத்தாள். விரல் கறுத்தது.

நிலவறையில் மற்றதெல்லாம் உலர்ந்துதான் இருந்தது. இருபது வருடமாக அவள் சேர்த்தவை: வெடிமருந்து வந்த தகரடப்பாக்கள், கார்பைடு டின்கள், சிவப்பு எழுத்து மங்காத வெடிப் பெட்டிகள். நடுவில், போன வாரம் தேவாலய ஏலத்தில் எடுத்த பென்ரிவ் சுரங்கத்து விளக்கறைப் பலகை. வரிசை வரிசையாய் எண் போட்ட ஆணிகள். ஒன்றைத் தவிர எல்லாம் வெறும் ஆணிகள்.

அந்த ஒன்றால்தான் மதியம் சண்டை.

“நாளைக்கு இதையெல்லாம் பாக்கச் சுரங்கச் சங்கத்து ஆளுங்க வர்றாங்க, எம்ரிஸ். மொட்டைப் பலகையையா காட்டுறது? உன் வில்லை இழுப்பறையில சும்மாதானே கெடக்கு?”

“கெடக்கட்டும். ஆணியில வில்லை தொங்குனா ஆளு கீழ இருக்கான்னு அர்த்தம். வில்லையைக் குடுத்து விளக்கை வாங்கிட்டு எறங்குவோம். ஏறி வந்து விளக்கைக் குடுத்தாத்தான் வில்லை. குழிக்காரன் பொண்டாட்டிக்கு இதையும் நான் சொல்லணுமா?”

“குழியையே மூடியாச்சு. நீ எங்க எறங்கப் போறே? மாடி ஏறவே ரெண்டு தடவை உக்கார்ற ஆளு!”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. “மாட்டாதே, தங்கம்,” என்று இரண்டு விரல் போன இடது கையை ஆட்டிவிட்டு, தூங்க மாடிக்குப் போனார். ஆக்சிஜன் இயந்திரம் மூச்சுவிடத் தொடங்கியதும் அவள் வில்லையை அவருடைய எண்ணான 317இல் மாட்டினாள்.

இப்போது மழை சன்னலை ஒரே சீராக அறைந்துகொண்டிருக்க, ஐம்பது வருடமாகக் காலியாய் இருந்த டப்பாக்களிலிருந்து அப்போதுதான் வெடித்த மருந்தின் கரிப்பும், நனைந்த சுரங்க மரமுட்டுகளின் புளித்த வாடையும் எழுந்து அவள் தொண்டையில் படிந்தன. மாடியில் இயந்திரம் ஓடியது. வேறென்னவோ குறைந்தது. என்னவென்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

இருமல்.

“எம்ரிஸ், டீ போடட்டுமா?”

மேலே ஓடினாள். தலையணைமேல் ஆக்சிஜன் குழாய் சீறிக்கொண்டிருந்தது. கட்டிலருகே கைத்தடி. செருப்பு. விரிப்பில் ஒரு ஆள் படுத்த அளவுக்குக் கரித்தூள். வாசற்கதவின் உள்தாழ் போட்டது போட்டபடி இருந்தது.

அப்போது கேட்டது. கீழே. நிலவறைக்கும் கீழே. மூன்று தட்டு. நின்று, மறுபடி மூன்று.

அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். மூன்று தட்டினால், ஆள் ஏறணும், குழிக் கூண்டை மேலே இழு. ஒன்று தட்டினால், நிறுத்து.

அவள் நிலவறைக்கு இறங்கி ஓடி, கல்தரையில் மண்டியிட்டுக் காதை வைத்தாள். இருமல். அவருடைய இருமல்தான்.

“விளக்கு அவிஞ்சிருச்சு, எலூனெட்.”

அவள் பாய்ந்து எழுந்தாள். வில்லையை ஆணியிலிருந்து பிடுங்கினாள்.

“எடுத்துட்டேன்! எடுத்துட்டேன், மேல வா!”

தட்டல் நின்றது.

அடியாழத்தில் வேறு குரல்கள். அவசரமில்லாத குரல்கள்.

“முந்நூத்திப் பதினேழு?”

“ஆணியில வில்லை இல்ல. வாங்கிட்டுப் போயிட்டான்.”

“அப்ப கீழ யாரும் இல்ல.”

“இருக்காரு!” அவள் கத்தினாள். “இருக்காரு, பாருங்க!” வில்லை நழுவியது. உருண்டது. துழாவி எடுத்தாள். மாட்டினாள்.

ஒரே ஒரு தட்டு.

பிறகு ஒன்றும் இல்லை. மழை. மேலே, யாருமில்லாத தலையணைக்குள் மூச்சுவிடும் இயந்திரம்.

அவள் காலடிக் கல்லில் கறுப்பாய் ஈரம் ஊறியது. உள்ளங்கை அளவு. மூன்று விரல்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அழுத்துகிற மாதிரி, கல்லுக்கு அடியிலிருந்து ஒரு கை அழுத்தியது. மறைந்தது. பக்கத்துக் கல்லில் தெரிந்தது. அதற்கடுத்த கல்லில்.

சுவர் ஓரமாக, ஒவ்வொரு கல்லாக, தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தது.