நாற்பத்தேழு, இருக்கீங்களா?

எண்பதாவது கிலோமீட்டர் கூடாரத்துக்குள் மெக்கானிக் நுழைந்தபோது பகல் ஒன்றரை மணி. வெளியே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஈரச் சாக்ஸும் வலித்தைலமும் கலந்த வாடை. ஊரில் லிஃப்ட் பழுது பார்த்து எல்லோரையும் அலுங்காமல் மாடியேற்றுகிற மனுஷன், இங்கே தானாக வந்து மலையேறிக்கொண்டிருந்தார். முந்தின இரவு பத்துக்குத் தொடங்கிய நூறு கிலோமீட்டர் ஓட்டம் அது. இன்று மாலை ஆறுக்குள் முடித்தாக வேண்டும்.

"நீங்கதான் கடைசி," என்றாள் நர்ஸ், அவர் குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டியபடி. "பின்னாடி யாரும் இல்ல."

"துடைப்பம் கூடவா?"

கடைசி ஓட்டக்காரனுக்கும் பின்னால் நடந்து, வழிகாட்டும் சிவப்பு நாடாக்களை அவிழ்த்துக்கொண்டே, காட்டில் யாரும் தங்கிவிடாமல் பார்த்து வருகிறவருக்கு அப்படியொரு பட்டப்பெயர்.

"போன வருஷம் நடந்ததுக்கு அப்புறம் யார் வருவாங்க? நாப்பத்தேழாம் நம்பர்னு ஒருத்தன். பாதியில நிறுத்தினா நம்பரைக் கழட்டிக் குடுத்துட்டுத்தானே போகணும்? சொல்லாம ரோட்டுல இறங்கி, லாரி பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டான். அவன் காட்டுல கிடக்கான்னு துடைப்பம் திரும்பிப் போய்த் தேடினார். மூணு நாள் கழிச்சு பள்ளத்துல பொணமாத்தான் கிடைச்சார், பாவம்."

மெக்கானிக் குனிந்து ஷூ கயிற்றை முடிந்தார்.

அந்த நாற்பத்தேழு அவர்தான். மனைவியிடம் ஓட்டத்தை முடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். அவளும் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள். அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான் இந்த வருஷம் மச்சான் பெயரில் பதிந்து வந்திருந்தார். செத்தவரைப் பற்றி அவர் நினைக்கவே மாட்டார். நினைத்தால் தூக்கம் போய்விடும்.

எண்பத்தெட்டாவது கிலோமீட்டரில் முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. அழுகிய சருகு வாசம்.

பின்னால் நாடா அவிழும் சத்தம் கேட்டது.

திரும்பினார். இப்போதுதான் கடந்து வந்த மரங்களில் ஒரு நாடாவும் இல்லை.

"நாப்பத்தேழு..."

களைத்த குரல். அதில் கோபமே இல்லை.

"நாப்பத்தேழு, இருக்கீங்களா? பயப்படாதீங்க. நான் வந்துட்டேன்ல."

'இருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நாற்பத்தேழு தான்தான் என்று ஆகிவிடும்.

வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். ஓடினார்.

முழங்கால் கதறியது. இரண்டு முறை வாந்தி எடுத்தார், நிற்காமலே. கால்விரல் நகம் ஒன்று பெயர்ந்து சாக்ஸுக்குள் உருண்டது. உடம்பு எப்போதோ கைவிரித்துவிட்டது. அதற்கப்புறமும் ஓட முடியும் என்பதை வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் தெரிந்துகொண்டார்.

குரல் மெல்ல மெல்லப் பின்தங்கியது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு முடிவுக் கோட்டைத் தாண்டினார். கழுத்தில் பதக்கம் விழுந்தது. யாரோ போர்வை போர்த்தினார்கள். தேம்பித் தேம்பி அழுதார். இனி யாருக்கும் பொய் சொல்ல வேண்டாம் என்று இருந்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

"முடிச்சுட்டேன்மா!"

"அப்படியா! ரொம்ப சந்தோஷங்க," என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, போன வருஷம் உங்க நம்பர் நாப்பத்தேழுதானே? ஒருத்தர் தேடிட்டு வந்திருக்கார். உடம்பெல்லாம் சேறு. ஹால்லதான் உட்கார்ந்திருக்கார்."

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"நீங்க பத்திரமா இருக்கீங்கன்னு சொல்லிட்டேன். நம்பவே மாட்டேங்கறார். உங்க வாயால கேட்டாத்தான் போவாராம்... இருங்க, ஏன் எழுந்து உள்ள வர்றார்?"